‘ஃபுல்’ என்று எழுதக் கூடாத பலகை

செல் வளர்ப்புக் கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. அதில் ஒவ்வொரு தட்டின் எண்ணுக்கு எதிரேயும் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு ‘மூடியது’, இன்னொன்றின் தலைப்பு ‘நெருங்கியது’. போன வாரம் நான் வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், “எதுக்கு மேடம் ரெண்டு? ஒரே விஷயம்தானே?” என்று கேட்டார். ஒரே விஷயம் இல்லை. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்துத் தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்துவைப்பதற்கே எனக்கு நாள் போதவில்லை.

நான் கணக்குக்காரி. கல்லூரியில் வகைக்கெழுச் சமன்பாடுகள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் இந்த மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, வாரத்துக்கு ஒரு நாள் வந்து உதவ முடியுமா என்று கேட்டது. ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. கடைசியில் கல்லூரியை விட்டுவிட்டு இங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். பெயரை எழுதினால் திட்டுவார். இங்கே எல்லாரும் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். செல் வளர்ப்புக் கூடத்தின் தலைவர் அவர்தான்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர். மாநாட்டு மேடையில் ஏறினால் இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் பேசுவார். ஆனால் மூளை நிஜமாகவே வேலை செய்யத் தொடங்கிவிட்டால், வாயில் ஆவடித் தமிழ் வந்துவிடும். நாங்கள் அதை ஓர் அடையாளமாகவே வைத்திருந்தோம். அவர் ‘என்ன’ என்று கேட்டால் பேச்சுக்குக் கேட்கிறார் என்று பொருள். ‘இன்னா’ என்று கேட்டுவிட்டால் எல்லாரும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

நான் முதன்முதலாக ஒரு வரைபடம் போட்டு அவரிடம் கொண்டுபோனபோது, மற்றவர்கள் எல்லாரும் இது என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அவர் மட்டும், “இது எதைச் சொல்லல மேடம்?” என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராப்பகலாக உட்கார்ந்து போட்ட படத்தைப் பார்த்து அது எதைச் சொல்லவில்லை என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது, என் படத்தைவிட அவருடைய கேள்விதான் பெரியது என்று பட்டது. அன்றைக்கு ஆரம்பித்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை வெளியாட்கள் யாராவது படித்தால் விழிக்கக் கூடாது, அதற்காக நாலு வரி. ஆழமான தீக்காயம் பட்டவரின் உடம்பில் மிஞ்சியிருக்கும் நல்ல தோலிலிருந்து தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு எடுக்கிறோம். அதிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டுகளில் விடுகிறோம். அவை வளர்ந்து மெல்லிய ஏடாக ஆனதும், அந்த ஏட்டை உரித்துப் புண்ணின்மேல் வைக்கிறோம். ஏடு எப்போது தயாராகும் என்று சொல்வது என் வேலை. தட்டில் இருக்கும் செல் ஆயிரம் காரியம் செய்யலாம். என் சமன்பாட்டுக்குத் தேவை இரண்டுதான். அது நகர்கிறது, அது பெருகுகிறது. சமன்பாட்டில் நகர்வதற்கு ஒரு பகுதி, பெருகுவதற்கு ஒரு பகுதி. மைக்ராஸ்கோப்பில் பொருத்திய கேமரா அவ்வப்போது படம் எடுக்கும். செல் மூடியிருக்கும் பரப்பு எவ்வளவு என்று கணினி வண்ணம் தீட்டிக் காட்டும். அதை வைத்து நான் கோடு போடுவேன்.

அந்தக் காலத்தில் பலகையில் ஒரே கட்டம்தான் இருந்தது. தட்டு முழுக்க வண்ணம் வந்துவிட்டால் அதில் ‘ஃபுல்’ என்று எழுதுவோம். ஃபுல் என்றால் ஏடு தயார், அறுவைக் கூடத்துக்குச் சொல்லிவிடலாம்.

மல்லிகா வந்தது அப்போதுதான். முப்பதைத் தாண்டிய பெண். ஒரு மகளிர் விடுதியில் சமையல் வேலை. சோறு வடிக்கும்போது கால் வழுக்கி விழ, அண்டா அவள் முதுகுப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கஞ்சி ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்று சுடும். தரையில் தேங்கிய கஞ்சியிலேயே அவள் கிடந்ததால் கைகால்களும் தப்பவில்லை. நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த நல்ல தோலைச் சீவி எடுத்து, எங்கள் சர்ஜன் முதலில் கைகால்களை மூடினார். அதோடு எடுக்கக்கூடிய தோல் தீர்ந்துவிட்டது. முதுகு அப்படியே திறந்து கிடந்தது. அதற்காக முதல் வாரத்திலேயே எடுத்துவைத்த ஒரு சின்னத் துண்டுதான் எங்கள் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு தவணை ஏடுகள்தான் அவளுக்கு இருந்தன. அவை ஒட்டாமல் போனால் மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். திறந்த புண் அத்தனை வாரம் சும்மா இருக்காது. அவள் உயிர் அந்தத் தட்டுகளில் இருந்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சர்ஜன் எங்கள் அறைக்கு வந்தார். என்னைவிட ரொம்ப இளையவர், கை சுத்தம், மனசும் சுத்தம். முகம் வாடியிருந்தது. மல்லிகாவுக்கு முந்தின நாளிலிருந்து ஜுரம் ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் கிருமி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

“நாளைக்கு வெச்சுடலாம். உங்க கோடு புதன்னுதானே சொல்லுது மேடம்?” என்றார்.

புதன் என்றுதான் சொன்னது. ஆனால் என்னிடம் ஒரு கோடு இல்லை, இரண்டு இருந்தன. ஒன்றில் செல்கள் மெதுவாக நகர்ந்து வேகமாகப் பெருகின. இன்னொன்றில் வேகமாக நகர்ந்து மெதுவாகப் பெருகின. கேமரா தந்த புள்ளிகளோடு இரண்டுமே அச்சுப் பிசகாமல் பொருந்தின. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டுக் காட்டினேன். ஒரே கோடு போலத்தான் தெரிந்தது.

“ரெண்டும் புதன்னே சொல்லுதே. அப்புறம் என்ன குழப்பம்?” என்றார் சர்ஜன்.

“தட்டு மூடறது புதன்தான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எப்படி மூடுதுன்னு இதுல தெரியல. புதுசா நிறைய செல் பிறந்தும் மூடலாம். இருக்கிற செல்லே நகர்ந்து, பரவிப் படுத்தும் மூடலாம்,” என்றேன்.

ஜன்னல் பக்கம் நின்று நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாத்தே திரும்பினார்.

“இன்னா மேடம் சொன்னீங்க? பரவிப் படுத்துகினா?”

எல்லாரும் வேலையை வைத்துவிட்டுத் திரும்பினோம். அவர் வந்து திரையை உற்றுப் பார்த்தார். அப்புறம் சர்ஜனைப் பார்த்தார்.

“சார், நீங்க கார்ல வர்றவரு. நான் திருவேற்காட்லேர்ந்து ஷேர் வேன்ல வர்றேன். காலைல வந்து எட்டிப் பாத்தா வண்டி ஃபுல்லா கீது. ஆளுங்க காலை அகட்டிகினு, பைய பக்கத்துல வெச்சிகினு குந்திகினு கீறாங்க. டிரைவர் ஒரு கொரல் குடுப்பான், ‘கொஞ்சம் நவுந்து குந்துங்க’ன்னு. அதே சீட்டுல இன்னும் மூணு பேரு ஏறுவாங்க. முன்னாடியும் ஃபுல்லு, பின்னாடியும் ஃபுல்லு. இதுல எது சார் ஃபுல்லு?”

“இது வேன் இல்ல அண்ணாத்தே. அங்க ஒரு பொண்ணு ஜுரத்துல கிடக்குறா.”

“தெரியும் சார். அதனாலதான் கேக்குறேன்.”

சர்ஜன்மேல் தவறே இல்லை. அவர் சொன்னதும் சரி. ஆனால் அண்ணாத்தே பயந்தது எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எடுத்த துண்டு சின்னது என்பதால் செல்களைத் தட்டுகளில் நெருக்கமில்லாமல்தான் விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லாத செல், இடத்தை அடைத்துக்கொண்டு அகலமாகப் படுத்துவிடும். வண்ணப் படத்தில் பார்த்தால் தட்டு நிறைந்திருக்கும். உரித்துப் புண்ணில் வைத்தால் அந்த ஏடு நிற்காது, இற்றுப் போய்விடும். சரி, நாலு நாள் கூடவே வைத்திருப்போம் என்றும் விட்டுவிட முடியாது. நெருங்கி நெருங்கி முற்றிப்போன செல்களுக்கு ஒட்டும் குணமே போய்விடும். சீக்கிரம் வைத்தாலும் போச்சு, தாமதமாக வைத்தாலும் போச்சு. நடுவில் இருப்பது ஒரு சின்ன இடைவெளிதான்.

அண்ணாத்தே மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். நடுவில் நெருக்கமாகத்தான் இருக்கிறது, ஓரமாகப் போகப் போகப் பரந்து கிடக்கிறது என்றார். கண்ணுக்குப் பட்டதை மட்டும் வைத்து ஓர் அறுவையைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். பிறகு எழுந்து, “ஒரு தட்ட ஒடச்சு எண்ணிடலாம்,” என்றார்.

உடைப்பது என்றால், ஏட்டைக் கரைத்து, செல்களைத் தனித்தனியாக்கி, எத்தனை என்று எண்ணுவது. எண்ணிய செல்களைத் திரும்பவும் ஏடாக்க முடியாது. ஒவ்வொரு தட்டும் மல்லிகாவின் முதுகில் ஓர் உள்ளங்கை அளவு தோல். எனக்கு மனசு ஒப்பவில்லை.

“அது அவளோட தோல் அண்ணாத்தே,” என்றேன். “எண்ணியே ஆகணும்னா, அந்தக் கடைசி ஓரத்துல இருக்கிற தட்டை எடுங்க. அது எப்படியும் சரியா வரல.”

“மேடம், மோசமான தட்ட எண்ணிப் பாத்து பத்தலன்னு வந்தா இன்னா சொல்வீங்க? ‘அது மோசம், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்’னு சொல்லிகினு நாளைக்கே வெச்சுடுவோம். கீறதுலயே நல்ல தட்டு எதுவோ அத்த எடுப்போம். அதுவே பத்தலன்னா எதுவும் பத்தாது.”

கணக்கு படித்தவள் நான். எதைச் சோதித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது என்று அந்த நெருக்கடியில், நின்ற நிலையில் யோசித்தவர் அவர். சொன்னபடியே, இன்குபேட்டரில் இருந்ததிலேயே அழகான தட்டை அவரே எடுத்தார். கரைக்கும் திரவத்தை விட்டதும், பளபளவென்று இருந்த ஏடு ஓரத்தில் சுருங்கி, பிரிந்து, கலங்கலாக ஆனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

எண்ணிக்கை வந்தது. இருக்க வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நகர்ந்துதான் மூடியிருந்தன.

அந்த ஓர் எண் கிடைத்ததும் என் சமன்பாடு அடங்கிவிட்டது. அதுவரை நகர்வும் பெருக்கமும் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை தெரிந்தபின் பெருகும் வேகம் இவ்வளவுதான் என்று நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் நகர்வு. இப்போது பரப்புக்குப் பதிலாக நெருக்கத்துக்குக் கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை என்று வந்தது. சனிக்கிழமை தாண்டினால் முற்றிவிடும்.

சர்ஜனிடம் சொன்னோம். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வெள்ளி வரைக்கும் தள்ளினா, நடுவுல புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டு மாத்தணும். அந்த வலி என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அதுக்கும் மேல, வெள்ளி வரைக்கும் அவ தாங்கலன்னா?”

“அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல சார்,” என்றார் அண்ணாத்தே. “அது உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு. ஆனா வலி அவளோடது. அவளாண்ட சொல்லாம நாம மூணு பேரும் இங்க குந்திகினு முடிவு பண்றது சரியில்ல.”

சர்ஜன் தலையை ஆட்டினார். மூன்று பேரும் மேலங்கி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனோம்.

மல்லிகா குப்புறப் படுத்திருந்தாள். முகம் கட்டிலின் ஓரத்தில், ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நின்றபடி பேசினால் எங்கள் செருப்பு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அண்ணாத்தே அவள் முகத்துக்கு நேராகத் தரையில் குந்தினார்.

“மல்லிகாம்மா, நான்தான் உன் தோல வளக்குறவன்.”

“வளந்துச்சா?”

“தட்டு முழுக்கப் பரவிகினு கீது. ஆனா ஒல்லியா கீது. நாளைக்கே வெச்சா நிக்காதுன்னு தோணுது. வெள்ளிக்கெழமை வரைக்கும் வுட்டா நிக்கும்னு இந்த மேடம் கணக்குப் போட்டுக் கீறாங்க. ஆனா அதுக்குள்ள ரெண்டு தபா கட்டு மாத்தணும். ஜுரமும் ஏறலாம்.”

அவள் கண்ணை மட்டும் திருப்பி, பக்கத்தில் குனிந்து நின்ற என்னைப் பார்த்தாள். “கணக்கு சரியா கீதாம்மா?”

எத்தனையோ தேர்வாளர்கள், எத்தனையோ பேராசிரியர்கள் என் கணக்கைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. “செல்லைப் பத்தின கணக்கு சரிம்மா. உன் ஜுரத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல,” என்றேன்.

“நாளைக்கு வெச்சு நிக்கலன்னா மறுபடி வளப்பீங்களா?”

“வளப்போம்,” என்றார் அண்ணாத்தே. “ஆனா ரொம்ப நாளாவும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“வெள்ளிக்கெழமையே வெய்ங்க,” என்றாள். “அரை வேக்காட்டுல எறக்கினா இன்னாத்துக்கு ஆவும்?”

புதன்கிழமை ஜுரம் ஏறியது. சர்ஜன் அவளை அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோய் முதுகைச் சுத்தம் செய்து, மருந்தை மாற்றி, கூடவே நின்றார். எங்கள் அறைக்கு அவர் அனுப்பிய தகவல்களில் ஒரு குற்றச்சாட்டுக்கூட இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணாத்தே என்னிடம் வந்து, “மறுபடி ஓட்டிப் பாருங்க மேடம்,” என்றார். ஓட்டினேன். வெள்ளி. சாயங்காலம் மறுபடி வந்தார். மறுபடி வெள்ளி. அந்த மனிதர் தடுமாறி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வியாழன் மத்தியானம் நசரத்பேட்டை பக்கம் இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை.

“இன்னொரு தட்டை எண்ணிப் பாத்துடலாமா? நெருங்குதா இல்லையான்னு நிச்சயமாத் தெரிஞ்சிடும்,” என்று நானே கேட்டேன். செவ்வாய்க்கிழமை உடைக்காதீர்கள் என்று சொன்னவள்தான்.

அவர் தலையை ஆட்டினார். “அன்னிக்கு நமக்குத் தெரியாத ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஒடச்சோம். இன்னிக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, பயம்தான் கீது. நம்ம பயத்துக்கு அவ தோல ஒடைக்கக் கூடாது.” பிறகு, “நோயாளி தாள்ல எழுதிட்டேன். தள்ளிப்போடச் சொன்னது நான்தான்னு. உங்க பேரு அதுல இல்ல. நிம்மதியா இருங்க,” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “யாரைக் கேட்டு என் பேரை விட்டீங்க? என் கோடு இல்லாம உங்களுக்கு வெள்ளிக்கிழமைங்கறது எங்கேர்ந்து வந்தது? நல்லா வந்தா மட்டும் கட்டுரையில என் பேரு வேணும், கெட்டுப் போனா வேண்டாமா?” டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். அண்ணாத்தே ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். திரும்பிப் போனதும் தாளை எடுத்து என் பெயரையும் எழுதினார். கையெழுத்துப் போட நான் போனபோது, அதற்குக் கீழே சர்ஜன் ஏற்கெனவே தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மனிதர்களோடு ஒரே தாளில் என் பெயர் இருக்கிறது என்பதை, வாங்கிய பட்டங்களைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏடுகளை உரித்தார்கள். அண்ணாத்தே இடுக்கியால் முதல் ஏட்டின் ஓரத்தைத் தூக்கியபோது அது கிழியவில்லை. பின்புறம் வலைத்துணி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். சர்ஜன் அவற்றை மல்லிகாவின் முதுகில் பதித்துக்கொண்டே போனார். இடது தோளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டும் மிஞ்சியது. நாங்கள் உடைத்த தட்டு அது. அதற்கு வேறு மருந்துக் கட்டுப் போட்டு மூடினார்கள்.

அன்று மத்தியானம்தான் அண்ணாத்தே பலகையைத் துடைத்தார். ‘ஃபுல்’ என்ற சொல்லை இனி இங்கே யாரும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு கட்டம் போட்டார். ஏடு ஒட்டுமா இல்லையா என்று அப்போது யாருக்கும் தெரியாது. முடிவு எப்படி வந்தாலும் அந்தச் சொல் தப்பு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்தபிறகு பாடம் சொல்ல எல்லாராலும் முடியும். முடிவு தெரிவதற்கு முன்னாலேயே திருத்திக்கொண்ட மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கணினிகள் என்னுடையதைவிட நூறு மடங்கு வேகம். கோடு அழகாகப் பொருந்தும், கண்ணை எடுக்க மனசு வராது. பொருந்தட்டும். அதோடு நிறுத்திவிடாமல், இதே புள்ளிகளோடு இன்னொரு கதையும் பொருந்துமா என்று தேடுங்கள். பொருந்தினால் அதை மறைக்காமல் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள், குழப்புகிறீர்கள் என்று யார் சொன்னாலும் சரி. உங்களுக்கும் ஓர் அண்ணாத்தே வாய்த்திருந்தால், அதில் எது விஷயம் என்று அவர் பிடித்துக்கொள்வார். வாய்க்கவில்லை என்றால், அதையும் நீங்களேதான் செய்ய வேண்டும். உங்களால் முடியும். முடியாதவர்களுக்கு நான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். வார்டுக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணாத்தேயையும் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டார். செவ்வாய்க்கிழமை அத்தனை திடமாகப் பேசிய மனிதர்.

சர்ஜன் வலைத்துணியின் ஒரு மூலையை நனைத்துப் பிடித்து, மெல்ல மெல்லத் தூக்கினார். முதுகைப் பார்க்காமல் துணியின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். ஏடு நிற்கவில்லை என்றால் துணியோடு வழவழவென்று வந்துவிடும். துணி சுத்தமாக இருந்தது. அடுத்ததைத் தூக்கினார். அதுவும் சுத்தம். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கையுறையோடு அப்படியே நின்றார். இளஞ்சிவப்பாக, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியதாக, முதுகு முழுவதும் பளபளத்தது. தோளுக்குக் கீழே இருந்த அந்த வெற்றிடத்தில்கூட, நாலு ஓரத்திலிருந்தும் செல்கள் உள்நோக்கி ஊர ஆரம்பித்திருந்தன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக் கூடாத இடம் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். சர்ஜன் வெளியே போனார். திரும்பி வரும்போது அண்ணாத்தேயின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணாத்தே பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டுவிடுவோமோ என்று பயந்தவர் போல, ஓரம் ஓரமாகப் பார்த்தார். குப்புறக் கிடந்த மல்லிகாவுக்கு எங்கள் மௌனம் மட்டும்தான் கேட்டிருக்கும். அவள் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்,” என்றாள். “இன்னா கீது என் முதுவுல?”

அண்ணாத்தே மறுபடி அவள் முகத்துக்கு நேராகத் தரையில் குந்தினார்.

“தோலு கீதும்மா,” என்றார். “உன் தோலு.”